செத்த கம்பெனிகளையும் சேர்த்து

ஒரு தட்டு. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை அவ்வளவுதான். திரை மங்கினால் ஒரு தட்டு, மறுபடி மங்கினால் மறுபடியும் ஒரு தட்டு. கீபோர்டில் எந்தக் கட்டையை வேண்டுமானாலும் தட்டலாம், அந்த நீளமானதைத் தட்டுங்கள், அது உங்கள் விரலுக்கு வசதி என்று சொல்லிவிட்டு என் மகள் தான்யா ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். ஆபீஸ் லேப்டாப். அது எப்போது தூங்க வேண்டும் என்பதை ஆபீஸ்தான் தீர்மானிக்குமாம், இவள் மாற்ற முடியாதாம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய இயந்திரத்துக்கும் முதலாளியேதான் ஷிப்ட் சங்கு ஊதுகிறான். "தூங்கிடுச்சுன்னா ஓடறது அத்தோட நின்னுருமுங்கப்பா. மறுக்கா முதல்ல இருந்து ஓட்டோணும். மூணு மணி மீட்டிங்குக்குள்ள முடியாது," என்றாள். ஓடுகிறது என்கிறாயே, என்ன ஓடுகிறது என்று கேட்டேன். கேட்காமல் நான் எந்த வேலையும் செய்ததில்லை. நூல் மில்லில் ரிங் பிரேமில் சேர்ந்த முதல் வாரமே, இந்த நூல் எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்று மேஸ்திரியிடம் கேட்டு வசவு வாங்கியவன். அவள் வாளியோடு நின்றபடியே சொன்னாள். அவளுடைய கம்பெனி ஒரு மென்பொருள் செய்கிறது. அது தானே பங்கு வாங்கும், தானே விற்கும், மனிதன் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அதை நம்பி இறங்குவதற்கு முன்னால், இதே முறையில் வாங்கி விற்றிருந்தால் போன வருடங்களில் என்ன ஆகியிருக்கும் என்று பழைய விலைகளை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பேக்டெஸ்ட் என்று பெயர். அந்த ஓட்டிப் பார்க்கும் கருவியைச் சரிசெய்வது இவள் வேலை. "நடந்து முடிஞ்சதை மறுக்கா நடத்திப் பாக்கறது," என்றாள். அதை நான் மில் மூடிய நாளிலிருந்து மென்பொருளும் இல்லாமல் மின்சாரமும் இல்லாமல் படுத்த இடத்தில் செய்துகொண்டிருக்கிறேன்.

மங்கியது. தட்டினேன். வெளிச்சம் வந்தது. என் வலது கை விரல்கள் மரத்துப்போய் வெகுகாலம் ஆகிறது, சர்க்கரை. தட்டினேனா இல்லையா என்பது விரலுக்குத் தெரியாது, கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சங்கத் தலைவனாக இருந்தபோது இந்தக் கையைத்தான் மில் கேட் மீட்டிங்கில் தூக்குவேன். தூக்கினால் மூன்று ஷிப்ட்டும் நிற்கும். மெஷினை நிறுத்த வேண்டுமென்றால் ஆறுக்குட்டியிடம் கேள் என்று எதிர்ச் சங்கத்துக்காரனே மேடையில் சொன்னான், வஞ்சகமாகத்தான் சொன்னான், ஆனாலும் சொன்னான். நிறுத்துவதற்கென்றே இருந்தவன் இப்போது ஒன்றை நிற்காமல் பார்த்துக்கொள்ள உட்கார்ந்திருக்கிறேன். இதில் சிரிக்க ஏதோ இருக்கிறது. சிரிப்பு வரவில்லை. கோபமும் வருவதில்லை. கோபம் வரும் என்று சில காலைகளில் பேப்பரை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருப்பேன், கடைசிப் பக்கம் வரை படிப்பேன், மடித்து வைத்துவிடுவேன். சத்தம் மட்டும் இருக்கிறது. மில் சத்தம். ரிங் பிரேமில் நின்றவன் காதை விட்டு அது போகாது, மில்லை இடித்துத் தரையாக்கிய பிறகும் போகாது. மருந்தில்லை, பழகிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். பழகிக்கொண்டேன். இன்று கொஞ்சம் அதிகமாக இருக்கிறது. தான்யாவின் அறைப் பக்கமிருந்து வருவதுபோல ஒரு மெல்லிய சுழற்சி, விடாமல். காது எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் காட்டும். நான் அதையும் நம்புவதில்லை.

திரையில் இரண்டு கோடு. சாம்பல் நிறத்தில் ஒன்று ஏற்கெனவே ஓடி முடித்து, இடப்பக்க மூலையிலிருந்து வலப்பக்க உச்சி வரை மலைப்பாதை மாதிரி ஏறி நிற்கிறது. பச்சைக் கோடு இப்போதுதான் தொண்ணூற்றைந்தாம் வருடத்தில் புறப்பட்டுப் புழுமாதிரி நகர்கிறது. சாம்பல் கோடு பழைய கருவி போட்டது. அதில் இன்றைக்கு உயிரோடு இருக்கிற கம்பெனிகள் மட்டும்தான். நடுவில் திவாலானது, மூடியது, பங்குச்சந்தைப் பட்டியலிலிருந்து தூக்கியது எதுவுமே அதில் இல்லை. பிழைத்துக்கிடந்தவர்களை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்து, உங்களில் யாராவது செத்தீர்களா என்று கேட்டால், இல்லை என்றுதானே சொல்வார்கள். கோடு ஏறாமல் என்ன செய்யும். தான்யா இதைக் கண்டுபிடித்தபோது ஆபீஸில் யாரும் ஆச்சரியப்படவில்லையாம், அது எல்லாருக்கும் தெரிந்ததுதானாம். தெரிந்ததைச் சரிசெய்யத்தான் ஆளில்லை. இவள் உட்கார்ந்து பழைய பட்டியல்களைத் தோண்டி, செத்த கம்பெனிகளை ஒவ்வொன்றாக அது செத்த தேதி வரைக்கும் திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்தாள். அப்படிச் சேர்த்து ஓட்டுவது பச்சைக் கோடு. கோடுகளுக்குக் கீழே கட்டங்களில் பெயர்கள் வருகின்றன, வாங்கியது, விற்றது, வாங்கியது. இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பேன், லேபர் கோர்ட் தீர்ப்புகள் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ். மில்களின் பெயர்கள் வந்தன. எத்தனை வருடமாயிற்று அந்தப் பெயர்களைப் பார்த்து. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒன்று, பீளமேட்டில் ஒன்று, பொங்கலுக்கு முந்தின நாள் பூட்டிய ஒன்று. ஒவ்வொன்றையும் இயந்திரம் வாங்கியது, வைத்திருந்தது, பிறகு அந்தக் கட்டம் சிவப்பாகி, பச்சைக் கோடு ஒரு படி இறங்கியது. ஆஜர் எடுக்கிற மாதிரி இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மங்கியது, தட்டினேன்.

கருவிக்கு இன்னொரு விதி உண்டு, அதையும் தான்யாதான் இறுக்கிக் கட்டினாளாம். ஒரு நாளில் நிற்கும்போது அந்த நாள் வரை தெரிந்ததை மட்டுமே வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். மறுநாள் பேப்பரை எடுத்துப் பார்த்துவிட்டு நேற்றைய முடிவைச் சரியாக எடுப்பது மோசடி. பழைய கருவியில் அந்த மோசடி ஏதோ ஓட்டையில் ஒழுகிக்கொண்டிருந்ததாம். அதைச் சொன்னபோது நான் எழுந்து அவள் கையைக் குலுக்கியிருக்க வேண்டும். இதைத்தானே நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், டீக்கடையில், சங்க ஆபீஸில், கல்யாண வீடுகளில் முதுகுக்குப் பின்னால் பேசினவர்களிடம். எங்கள் கனகவேணி மில்லில் அன்று நிரந்தரமாகாத பதிலித் தொழிலாளிகள் பாதிப்பேரை நீக்கினால் மில் ஓடும் என்று நிர்வாகம் சொன்னது. ஒருவரைக்கூட விடமாட்டோம் என்று நான் சொன்னேன். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் எல்லாருடைய கையும் மேலே போனது. கிட்டான் கை மட்டும் போகவில்லை. என் பக்கத்துப் பிரேமில் நின்றவன், என் பிளாஸ்கில் டீ குடித்தவன். "ஏனுங் தோழர், பாதிப்பேராச்சு சோறு திங்கட்டுமே," என்றான். "எந்தப் பாதி? நீயே ஆளைக் காட்டு கிட்டா. விரலை நீட்டு, பார்க்கலாம்," என்றேன். அவன் விரலை நீட்டவில்லை. கூட்டம் சிரித்தது. கையைத் தூக்கினான். மில் பூட்டியது, திறக்கவே இல்லை. இப்போது எல்லாரும் மறுநாள் பேப்பரை அக்குளில் வைத்துக்கொண்டு வந்து, அன்றைக்கே தெரிய வேண்டாமா ஆறுக்குட்டிக்கு என்கிறார்கள். எப்படித் தெரியும். அன்று தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு அது, இன்றும் அதே வேப்பமரத்தடியில் நிறுத்தினால் அதைத்தான் சொல்வேன். சொல்வேன். கிட்டானும் அன்று தெரிந்ததை வைத்துத்தானே சொன்னான், அவனிடம் மட்டும் என்ன வேறு பேப்பர் இருந்தது என்கிற இடத்தில் வந்து எப்போதும் சிக்கும். நூல் அறுகிற மாதிரி. அறுந்த இடத்தை முடிந்துவிட்டு மறுபடி ஓடவிடுவேன், மறுபடி அதே இடத்தில் வந்து அறும். மங்கியது. தட்டினேன்.

கிட்டானுக்குப் படிக்கத் தெரியாது. என்னுடைய படிப்பும் பெரிதல்ல, எட்டுப் பக்க வெளியீடுகள், நோட்டீஸ்கள், மாநாட்டு மலர்கள், அவ்வளவுதான். ஆனால் அதைவைத்து வக்கீல்களைத் தடுமாற வைத்திருக்கிறேன். நோட்டீஸ் எழுதுவதில் இந்த ஜில்லாவில் எனக்கு ஈடு கிடையாது. ஒண்டிப்புதூரில் ஒரு அச்சகம், பல்லடம் ரோட்டில் ஒரு அச்சகம், எப்போதும் இரண்டு இடத்தில் கொடுப்பேன். ஒருவனுக்கு மற்றவனைத் தெரியாது. ஒருவனை முதலாளி வாங்கிவிடுவான், அல்லது போலீஸ் வந்து வெறுமனே கடைவாசலில் நின்றுவிட்டுப் போகும், மெஷின் ரிப்பேருங்க தோழர் என்பான். இன்னொருவனிடமிருந்து விடியும்போது கட்டு வந்துவிடும். விலைபோனவனை நான் திட்டியதே இல்லை. அவனும் நம் ஆள்தான், பயம் பிடித்திருக்கும், பயம் யாரையும் பிடிக்கும், அதற்கு ஏற்பாடு செய்துவைப்பவன்தான் அமைப்பாளன். அந்தக் கட்டுகள் மேல் உட்கார்ந்துதான் தான்யா வீட்டுப்பாடம் எழுதினாள். சோவியத் வெளியீடு ஒன்றில் படித்த, தூக்குமேடையில் தலைகுனியாத ஒரு சிறு பெண்ணின் பெயர் அது, அதை வைக்க நான் வீட்டில் என்ன சண்டை போட்டேன். இப்போது இந்த அபார்ட்மெண்டில் மட்டும் இரண்டு தான்யாக்கள் சறுக்குமரத்தில் விளையாடுகிறார்கள், நாகரிகமான பெயராம், எங்கிருந்து பிடித்தீர்கள் சார் என்று ஒரு அம்மாள் லிஃப்டில் கேட்டாள். மில் மூடி இரண்டு மூன்று வருடம் கழித்துக் கிட்டானைத் திருச்சி ரோட்டில் பார்த்தேன். எதிரே வந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த மருந்துக்கடைப் பலகையின் முன்னால் நின்று அதைப் படிக்க ஆரம்பித்தான். நான் படித்துக் காட்டினால்தான் நோட்டீஸில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறவன், முகத்தைத் தூக்கி, உதட்டை அசைத்து, வரி வரியாகப் படித்தான். நான் கடந்து போகும்வரை அந்தப் பலகையில் படிக்க இருந்தது அவனுக்கு. பட்டினியையும் லாக்கப்பையும் ஜாமீனையும் நோட்டீஸில் எழுதலாம், எழுதியிருக்கிறேன். அந்தப் பலகையை எழுத வரவில்லை.

கனகவேணி வந்தது. கட்டத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், மனுக்களில் எத்தனை முறை எழுதிய பெயர். மில் பூட்டிய அதே வாரத்தில் இயந்திரம் அதை வாங்கியது. வாங்கு, வாங்கு என்று நினைத்தேன். வாங்கி விழு. மற்ற மில்களைப் போல இதுவும் சிவப்பாகும், கோடு ஒரு படி இறங்கும், அந்தப் படியில் எங்கள் ஆட்கள் இருப்பார்கள், பதிலிகளும் நிரந்தரமானவர்களும், ஒரு கணக்கிலாவது நாங்கள் செத்தோம் என்று பதிவாகும். பெயர் அப்படியே இருந்தது. சிவப்பாகவில்லை. நாங்கள் கலெக்டர் ஆபீஸ் முன்னால் படுத்திருந்த மாதங்களில் விலை கொஞ்சம் ஏறியிருந்தது. அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். பிறகு எழுத்துகள் மாறின, கேவி ஹேபிடாட் என்று ஆகின, பச்சைக் கோடு திடீரென்று எம்பியது, சாம்பல் கோடும் அதே இடத்தில் எம்பியிருந்ததை இப்போதுதான் கவனித்தேன். "அம்மிணி," என்று கூப்பிட்டேன். "நம்ம மில்லு வந்துது. மூடினதாவே காட்டலையே. தப்பா ஏத்திட்டயா?" பால்கனியிலிருந்து, வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டிருந்த குரலில் சொன்னாள்: "அது சாகலீங்கப்பா. பேர் மாத்திக்கிச்சு. மெஷினை வித்துட்டு நெலத்துல வீடு கட்டுச்சு. நான் ரெண்டு தடவை பாத்துட்டேன், அது சரிதான்." சரிதான். கம்பெனி சாகவில்லை. இவ்வளவு காலமும் சாகாத ஒன்றுக்காகத்தான் நான் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, அது உயிரோடு வேறு பெயரில் பத்துமாடி ஏறி நிற்கிறது. செத்தவர்களைச் சேர்க்கிற பட்டியலிலும் எங்களுக்கு இடமில்லை, ஏனென்றால் அந்தப் பட்டியல் கம்பெனிகளுக்கு. ஏதாவது தோன்றும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். மங்கியது. தட்டினேன்.

தான்யாவின் போன் அடித்தது. துணி உதறுகிற கையோடு பேச வேண்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். அவளுடைய மேலாளன் நிர்மல். நல்ல குரல், நிதானமான குரல், எங்கள் லேபர் ஆபீசருக்கும் அப்படித்தான் இருந்தது. "தான்யா, நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லவே இல்லை. டெமோ இன்னைக்கு. பழைய ரிசல்ட்டை வச்சுக் காட்டிருவோம். செத்த கம்பெனியெல்லாம் அடுத்த வெர்ஷன்ல சேத்துக்கலாம்." அடுத்த வெர்ஷன். எங்களிடம் அடுத்த ஒப்பந்தத்தில் பார்க்கலாம் என்பார்கள். "வாங்கறவங்க இந்தக் கோட்டைப் பாத்துத்தானே நிர்மல் வாங்குவாங்க? அவங்க அதைக் காட்டித்தானே ஜனங்ககிட்ட விப்பாங்க? டெய்லர் கடைக்காரர் பணம் போடுவார், டீச்சர் போடுவாங்க." "அடியில ஒரு வரி போட்டுருவோம், இதுல எல்லாக் கம்பெனியும் இல்லைன்னு." "எவ்வளவு சின்ன எழுத்துல?" அவன் சிரித்தான். "நீங்க யூனியன் லீடர் மாதிரியே பேசறீங்க." "லீடர் உள்ளதான் உக்காந்திருக்கார். லேப்டாப் தூங்காம பாத்துக்கிட்டு." இருவரும் சிரித்தார்கள். பிறகு அவன் சிரிக்காமல் சொன்னான்: "டீம்ல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க தான்யா. நீங்க மட்டும்தான்." துணி உதறும் சத்தம் நின்றது. "நேத்து எல்லாரும் என்கூடத்தானே இருந்தாங்க?" "நேத்து இருந்தாங்க." அவனே தொடர்ந்தான்: "நீங்க பாட்டுக்கு மூணு மணிக்கு அந்தப் பச்சையைக் காட்டிட்டீங்கன்னா, நாளைக்கு உங்களை வச்சுக்கிட்டு நான் மேல என்ன சொல்றது? என்னையும் நினைங்க. சரி, ரன் முடிஞ்சுதா?" "ஓடிட்டிருக்கு." "முடியலைன்னா விட்டுருங்களேன். முடியாததுக்கு யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க. முடிஞ்சாத்தானே பிரச்சினை." "முடிஞ்சா காட்டுவேன் நிர்மல்," என்றாள் தான்யா. குரலை உயர்த்தவில்லை. வாளியில் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

நீங்க மட்டும்தான். அந்தக் குரலில் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும், என் மகள், கட்டுகள் மேல் உட்கார்ந்து படித்தவள், நேற்றுவரை கூட நின்றவர்கள் இன்று இல்லை என்று கேட்டும் துணி உதறுகிறாள். பெருமை இருந்தது, எங்கோ, பக்கத்து வீட்டில் டிவி ஓடுவது மாதிரி. இவளை இப்படி நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பெங்களூரில் இதற்கு முந்தின கம்பெனியில் இதே மாதிரி ஒன்றைச் சொல்லி, வேலை போய், பெட்டியோடு வந்தாள். முதல் வாரம் போன் அடித்துக்கொண்டே இருந்தது, சூப்பர் தான்யா, நீ சொன்னதுதான் சரி. பிறகு அடிக்கவில்லை. அவளோடு சாப்பாட்டு டப்பாவைப் பங்குபோட்டவர்கள், இவள் பிறந்தநாளுக்கு ஒரு வரிகூட அனுப்பவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையைப் பார்ப்பாள், மழைக்காலம் முழுக்கப் பார்த்தாள். அந்தப் பலகையைத்தான் பார்த்தாள். எனக்கு வந்த அதே மருந்துக்கடைப் பலகை. நான் அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, என்ன சொல்வது, இது பழகிவிடும் அம்மிணி, கடைசியில் ஒன்றுமே உறைக்காது, விரல் மாதிரி ஆகிவிடும் என்றா. நிர்மல் சொன்னது சரியான வார்த்தை, முடிஞ்சாத்தானே பிரச்சினை. முடியாவிட்டால் இவள் பயந்ததாக ஆகாது, விலைபோனதாக ஆகாது. மெஷின் நின்றுவிட்டது, அவ்வளவுதான். இவள் தலைநிமிர்ந்தே இருக்கலாம், வேலையும் இருக்கும், நாளைக் காலையில் போன் அடிக்கும். டெய்லர் கடைக்காரர். டீச்சர். அவர்களை நான் பார்த்ததில்லை. வாழ்நாள் முழுக்கப் பார்க்காதவர்களுக்காகத்தான் பேசினேன், கொரியாவுக்காகப் பேசினேன், கியூபாவுக்காகப் பேசினேன். திரையில் பச்சைக் கோடு வலப்பக்க ஓரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் கோட்டுக்குப் பாதிகூட இல்லை. தவழ்ந்து தவழ்ந்து, விழுந்த படிகளோடு, அது உண்மையைப் போலவே அசிங்கமாக இருந்தது.

மங்கியது. விரல் நீளக்கட்டை மேல்தான் இருந்தது. தன் எடை விரலுக்குத் தெரியவில்லை, கட்டைக்கும் தெரியவில்லை. அழுத்து என்று சொன்னால் அழுத்தும். நான் சொல்லவில்லை. மங்கிய திரையில் பெயர்கள் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தன, வாங்கியது, விற்றது, சாயங்கால வெளிச்சத்தில் பெயர்ப்பலகை பார்ப்பது மாதிரி. இப்போது தட்டலாம். இப்போதும் தட்டலாம். எந்திரத்தை நிறுத்துவது என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் என்று நானே பேசியிருக்கிறேன், கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள் தோழர்களே, வேறெதுவும் வேண்டாம், நீங்கள் நின்றால் அது நிற்கும். கிட்டான் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். திரை கறுத்தது. அதில் ஒரு கிழவன் முகம் தெரிந்தது, கண்ணாடி, மூக்கு, பின்னால் டியூப் லைட். நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும், மூன்று மணிக்குள் முடியாது. காது மட்டும் ஓயவில்லை, அறைப் பக்கமிருந்து அதே சுழற்சி, எல்லாம் நின்ற பிறகும் காதில் ஓடுகிற மில். கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

தான்யா காலி வாளியோடு வந்தாள். கறுத்த திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தூங்கிட்டீங்களாப்பா?" "இல்ல." "கை மரத்துப்போச்சா? தட்டுனது படலயா?" நல்ல வழி, அகலமாகத் திறந்து விட்டாள், நுழைந்திருக்கலாம். "இல்ல அம்மிணி. தட்டல." அவள் வாளியைக் கீழே வைத்தாள். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன், கோபித்திருந்தால் எனக்குப் பேச வரும், எதிரில் கோபமாக ஒரு ஆள் நின்றால் போதும் எனக்கு. அவள் தன் அறைக்குப் போனாள். அவள் கதவைத் திறந்ததும் என் காதிலிருந்த சத்தம் பெரிதானது. பழைய லேப்டாப்பை, மூடி ஒரு பக்கம் உடைந்து ரப்பர்பேண்ட் போட்டு நிற்கிற அவளுடைய சொந்த லேப்டாப்பை, இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அதன் விசிறி இரைந்துகொண்டிருந்தது. மேஜையில் வைத்தாள். சாம்பல் கோடு, பச்சைக் கோடு. பச்சை கடைசிவரை வந்து நின்றிருந்தது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விசிறி மெதுவாகிச் சுழன்று ஓய்ந்தது, காதுக்குள் மிச்சமிருந்தது மிகக் கொஞ்சம். "ரெண்டு பிரஸ்ல குடுத்திருந்தேனுங்கப்பா," என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. விலைபோனவனைப் பற்றி நான் எப்படிச் சொல்வேனோ அதே மாதிரி, அவனும் நம் ஆள்தான் என்கிற மாதிரி சொன்னாள். "எந்திரிங்க. கேமராவுல நீங்க தெரிவீங்க."

எழுந்தேன். கால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. ஒண்டிப்புதூர்க்காரனோ பல்லடம் ரோட்டுக்காரனோ, மெஷின் ரிப்பேருங்க தோழர் என்று சொன்ன அன்று, கடையைப் பூட்டிவிட்டு எப்படி வீட்டுக்கு நடந்திருப்பான் என்று நான் ஒருமுறையும் யோசித்ததில்லை. திட்டாததே பெருந்தன்மை என்று இருந்துவிட்டேன். வாஷிங் மெஷின் இருக்கிற மூலை வரைக்கும் போனேன், அதற்கு மேல் போக வீட்டில் இடமில்லை. தான்யா சுடிதாரை மாற்றிக்கொண்டு வந்து, சீப்பை வைத்துவிட்டு, மேஜை முன் உட்கார்ந்தாள். திரும்பினாள். "அப்பா," என்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது, நல்லதாகத்தான் இருக்கும், அவள் முகம் அப்படித்தான் இருந்தது. மெஷின் மேல் சோப்புத்தூள் பாக்கெட் இருந்தது. நான் அதைக் கையில் எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து படிக்க ஆரம்பித்தேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தது தெரிந்தது. பிறகு நாற்காலி திரும்பியது. "வணக்கம்," என்றாள், வேறு யாரிடமோ. "நான் தான்யா ஆறுக்குட்டி. செத்த கம்பெனிகள்ல இருந்து ஆரம்பிக்கறேன்." அந்தப் பக்கம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். கைகளுக்கு இதமானது என்று பாக்கெட்டில் எழுதியிருந்தது. அதை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.